சரியாகிவிட்டது என்பது விடையாகாது



எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி நடப்பது இது. கால்வனாமீட்டரின் முள் அசையாது. மாணவர் கம்பிகளை ஒருமுறை ஆட்டுவார்; முள் நகரும். "சரியாயிடுச்சு, சார்" என்பார். ஏன் நின்றது என்று கேட்டால் பதில் இராது. பழுதோடு அதன் காரணமும் மறைந்து போயிற்று! இணையம் சிறிது நேரம் நின்று திரும்பும்போது நாமும் அந்த மாணவரைப் போலவே நடந்துகொள்கிறோம். இது தவறு என்பது என் கருத்து.

இணையம் ஒருவருடைய சொத்து அன்று. பல்லாயிரம் வலையமைப்புகளின் கூட்டு. "இந்த முகவரிகளுக்கு என் வழியே வரலாம்" என்று ஒவ்வொன்றும் அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கும். அது அடுத்ததற்குச் சொல்லும். ஊருக்கு ஒரு வழிகாட்டிப் பலகையும், அவ்வூரின் ஒரு தெருவுக்குத் தனிப் பலகையும் இருந்தால், அத்தெருவுக்குப் போகிறவர் இரண்டாவதைத்தானே நம்புவார்? இணையத்திலும் குறுகிய பகுதியைச் சுட்டும் அறிவிப்பே வெல்லும்.

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் உலகின் பல பகுதிகளில் கிடைக்காமற் போயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மத்தியதரைக் கடலில் கேபிள்கள் பழுதாகி இந்தியாவிலும் இணையம் தடுமாறியிருந்தது. "மறுபடியும் கேபிள்தான்" என்று எவரேனும் ஊகித்திருந்தால் வியப்பில்லை. ஆனால் நோய் வேறு.

யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. அரசின் ஆணைப்படி தன் நாட்டில் யூடியூப்பைத் தடுக்க முனைந்த பாகிஸ்தான் டெலிகாம், அவற்றுள் 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அறிவிப்பு வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் அதைச் சரிபாராமல் உலகுக்கு அனுப்பிற்று. உலகப் பொது நேரம் 18.47க்குக் கோளாறு தொடங்கிற்று. 20.07க்கு யூடியூப் அதே 256 முகவரிகளைத் தானும் அறிவித்தது, 20.18க்கு அவற்றை இரண்டாகப் பிரித்து மேலும் குறுக்கி அறிவித்தது. 21.01க்கு பிசிசிடபிள்யூ தவறான அறிவிப்பை விலக்கிற்று.

நிமிடக் கணக்கு வரை இது எப்படித் தெரிந்தது? ஐரோப்பாவின் ரைப் என்.சி.சி. என்ற அமைப்பு பல இடங்களில் இத்தகைய அறிவிப்புகளை இடைவிடாது பதிவு செய்துவருகிறது. அப்பதிவுகளை யாரும் பார்க்கலாம். பதிவு இருந்த இடத்தில் ஊகத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று.

"சிறு தடங்கல்தானே, ஆராய்வானேன்?" என்று கேட்கலாம். காரணம் தெரியாத சிறு பழுது நாளை பெரும் பழுதாகத் திரும்பக்கூடும். காரணம் தெரிந்தால் மருந்து பிறக்கும். முகவரிக்கு உரியவர்தாம் வழி அறிவிக்கிறாரா என்று மின்கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை இன்று பல வலையமைப்புகளில் உண்டு. "தொழில்நுட்பக் கோளாறு" என்பது காரணம் அன்று. அது அறியாமைக்கு இட்ட பெயர். சேவை நிறுவனங்கள் ஒவ்வொரு தடங்கலின் காரணத்தையும் வெளியிட வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு. அடுத்த முறை இணையம் நின்றால் நேரத்தைக் குறியுங்கள். எந்தத் தளம் வருகிறது, எது வரவில்லை? வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்துள்ள பக்கத்து வீட்டில் நிலை என்ன? இவற்றை நோட்டில் எழுதுங்கள்.

கம்பியை ஆட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.