மருந்துச் சீட்டும் மளிகைச் சீட்டும்

வணிகப் பெருமக்களே!

மாதத்தின் முதல் வாரம் நமக்கு வசூல் வாரம். சம்பளம் வாங்கியவர் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புதிய சீட்டை நீட்டுவார். ஆனால் சில வீட்டுக் கணக்குகளில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கேட்டால், "அண்ணாச்சி, அம்மாவுக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கியதிலேயே கை கடித்துவிட்டது. அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் பேரேட்டில் நிற்கும் நிலுவையில் ஒரு பகுதி மருந்துக் கடையில் பிறந்ததுதான். ஆகவே மருந்துச் செலவைக் குறைக்கும் அரசுத் திட்டங்களை 'நமக்கென்ன' என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இத்துறையில் தமிழகம் முன்னோடி. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை டெண்டர் மூலம் உற்பத்தியாளரிடமிருந்து மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. மாதிரி எடுத்துச் சோதித்துத் தேறிய பிறகே சரக்கு வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. எடுத்த மருந்தின் மதிப்பு அதில் பற்று எழுதப்படும். நல்ல மொத்த வியாபாரி செய்கிற அதே வேலைதான் இது!

அரசு மருத்துவமனைக்குப் போகாதவர்களுக்காக மத்திய அரசு 2008-இல் மக்கள் மருந்தகத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இவற்றை நடத்தும் தனிநபர் தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய், கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2 லட்சம் ரூபாய் மானியம் என்பது ஏற்பாடு.

விலை எப்படிக் குறைகிறது என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். நமக்கா இது தெரியாது? ஒரே மூட்டைத் துவரம்பருப்பு லூஸில் ஒரு விலை, பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் வேறு விலை. மெட்ஃபார்மின் என்பது சர்க்கரை நோய் மருந்தின் பெயர். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். விளம்பரச் செலவும் பிரதிநிதிகளின் செலவும் நீங்கினால் விலை இறங்கத்தான் செய்யும்.

மருந்துக் கடை நடத்தும் நம் சகோதரர்கள் இதனால் கலங்குவதும் நியாயமே. விலை உயர்வுக்கு அவர்கள் காரணமல்ல. 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பட்டியல் மருந்துகளின் உச்ச விலையில் சில்லறை வணிகருக்குச் சேர்க்கப்படுவது 16 சதவீதம் மட்டுமே. கடை வாடகையும் மின்கட்டணமும் கொடுக்கும் அவர்கள், பக்கத்திலேயே மானியம் பெற்ற கடையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி திட்டத்தை எதிர்ப்பதன்று. அதில் நமக்கும் இடம் கேட்பதே ஆகும். உரிமம் பெற்ற சிறு மருந்துக் கடைகளும் அரசுக் கிடங்கிலிருந்து இம்மருந்துகளை வாங்கி, நிர்ணயித்த விலையில் விற்க அனுமதி தர வேண்டும். அரசுக்கு ஆயிரக்கணக்கான கடைகள் செலவின்றிக் கிடைக்கும். கிராமத்து நோயாளிக்கு பஸ் செலவு மிஞ்சும்.

இன்னும் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் இருக்கக் கூடாது. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர் மூன்றாம் முறை வரமாட்டார் என்பது கடை வைத்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்றொன்று, மருத்துவர்கள் மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த அந்த விதி, அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும்வரை மலிவு விலைக் கடை எத்தனை திறந்தும் என்ன பயன்?

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் நமக்கு ஓய்வூதியமும் இல்லை, மருத்துவப் படியும் இல்லை. வியாபாரம் மந்தமான மாதத்தில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுபவர்கள் நம்மிலும் உண்டு. அது மிச்சமல்ல, பின்னால் பெருநஷ்டம். உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பொதுப் பெயரைக் கேளுங்கள். மலிவு விலை மருந்தகத்தில் விலையை விசாரியுங்கள். கல்லாவில் நிற்கும்போது தெரிந்த வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் நலமே வணிகர் நலம்!