வந்த பணம் யாருடையது?

காசாளர் பெண் மூன்றாவது முறையும் அட்டையை இயந்திரத்தில் செருகிப் பார்த்துவிட்டு, "தக் போலே லா, மக்சிக்" என்றார்.

ஈப்போவில் ஒரு பேரங்காடி. தள்ளுவண்டியில் அரிசி, எண்ணெய், மைலோ. பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். சின்னம்மா அட்டையை வாங்கிச் சேலை முந்தானையில் துடைத்து மறுபடியும் நீட்டினார். நான் குறுக்கே புகுந்து என் அட்டையைக் கொடுத்தேன். "மெஷின்ல கோளாறு போல சின்னம்மா" என்று சமாளித்தேன். கோளாறு மெஷினில் இல்லை.

மறுநாள் காலை வங்கியில் விவரம் தெரிந்தது. காவல்துறை கேட்டுக்கொண்டதால் கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள். மோசடியில் பறிகொடுத்த பணம் இந்தக் கணக்கில்தான் விழுந்தது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். சின்னம்மாவுக்கு 63 வயது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து மறைந்தவரின் மனைவி. கோயில் உண்டியலில் போடும் காசைக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவர். அவருடைய கணக்கு இப்போது 'அக்காவுன் கெல்டாய்'. கழுதைக் கணக்கு என்று நாளிதழில் படிக்கிறோமே, அதேதான். மோசடிக்காரனின் பொதியைச் சுமக்கிற கணக்கு.

அந்தப் பொதியை ஏற்றிவிட்டவள் நான்.

போன வாரம் காலை நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவே இதை மூன்று நிமிடத்தில் சொன்னேன். அதன் பிறகு புலனத்தில் வந்து குவிந்த குரல் பதிவுகளைக் கேட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. இணையத்தில் வாங்கி ஏமாந்தவர்கள்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். பேசியவர்களில் பாதிப் பேர் விற்று ஏமாந்தவர்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற கதை இல்லை என்று தோன்றியதால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

சின்னப்பா பாட்டுப் பைத்தியம். பாதிச் சம்பளம் இசைத்தட்டுக் கடைக்கே போனது என்று சின்னம்மா சொல்வார். ஏறக்குறைய 140 எல்.பி. தட்டுகள். ஒவ்வொன்றின் உறையிலும் வாங்கிய தேதி பென்சிலில் இருக்கும். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு ஷா ஆலாமில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போவதென்று முடிவானது. அங்கே தட்டுகளுக்கு இடமில்லை. பழைய பேப்பர் லாரிக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 வெள்ளி தருவதாகச் சொன்னார். நான் கோலாலம்பூரிலிருந்து ஓடி வந்து தடுத்தேன். இணையத்தில் ஏலம் போட்டால் ஒரு தட்டே அந்த விலைக்குப் போகும் என்றேன்.

"லெலோங் போடப் போறியா? உங்க சின்னப்பா பாட்டையா?" என்று சின்னம்மா முகம் சுளித்தார். பாசார் மாலாமில் சட்டையைக் குவித்துப் போட்டு "லெலோங், லெலோங்!" என்று கத்துவதுதான் அவர் அறிந்த ஏலம். இது வேறு, விலையை ஏற்றுகிற லெலோங் என்று விளக்கிச் சம்மதிக்க வைத்தேன்.

சமூக ஊடகத்தில் இசைத்தட்டுப் பிரியர்களின் ஏலக் குழு ஒன்று இருக்கிறது. தட்டின் படம், கீறல் விவரம், தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது ஐந்து வெள்ளி ஏற்ற வேண்டும் என்ற விதி, சனிக்கிழமை இரவு 9.30-க்கு முடிவு. முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சின்னம்மாவுக்கே சுவை தட்டிவிட்டது. 9.25 ஆனால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நான்காவது வாரம் 'ஜானி', 'நிழல்கள்' உட்பட ஆறு தட்டுகளை ஒரே ஆள் எடுத்தார். மொத்தம் 765 வெள்ளி. மற்றவர்கள் ஐந்தைந்தாக ஏற, இவர் இருபது இருபதாக ஏறினார். இசை மீது இவ்வளவு ஆசையா என்று வியந்தேன். அடுத்தவர் பணத்தில் ஏலம் கேட்பவருக்குக் கை ஏன் கூச வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

அஞ்சல் செலவு 15 வெள்ளி சேர்த்து 780 என்று சொன்னேன். ஞாயிறு மதியம் பணம் கணக்கில் ஏறிவிட்டது. வெறும் ரசீதுப் படத்தை நம்பவில்லை. சின்னம்மாவின் வங்கிச் செயலியைத் திறந்து என் கண்ணால் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் வேறாக இருந்தது, ஒரு மலாய்ப் பெண்ணின் பெயர். கேட்டதற்கு, "ஹவுஸ்மேட் கணக்குல இருந்து போட்டேன் சிஸ்டர், என் ஆப் வேலை செய்யல" என்று பதில் வந்தது. பரிமாற்றக் குறிப்பில் 'டெப்போசிட் பிலிக்' என்று இருந்தது.

சின்னம்மாதான் கேட்டார். "பிலிக்னா ரூமுதானே? பாட்டுத் தட்டுக்கு எதுக்கு ரூமுன்னு போட்டிருக்கான்?"

"பழைய குறிப்பு அப்படியே வந்திருக்கும் சின்னம்மா. பணம் வந்துடுச்சுல்ல?" என்றேன்.

ஒரு செய்தி கைக்கு வந்தால் வாசிக்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேள். ஊடகப் படிப்பில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான். பத்து வருடமாக வானொலியில் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். பணம் கைக்கு வந்தபோது மட்டும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த ஆள் வேறொரு பக்கத்தில் வாடகை அறை இருப்பதாக விளம்பரம் போட்டிருக்கிறான். கல்லூரியில் சேரவிருந்த ஒரு மாணவி விசாரித்திருக்கிறாள். முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 780 வெள்ளி என்று சொல்லி, வீட்டுக்காரரின் கணக்கு என்று சின்னம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டான். அவள் பணம் எங்களிடம் வந்தது. எங்கள் தட்டுகள் அவனிடம் போயின. அவன் கணக்கு, அவன் பெயர் எதுவும் எங்கும் பதிவாகவில்லை. மாணவி பெட்டியோடு வந்து இறங்கியபோது அந்த முகவரியில் வேறு குடும்பம் இருந்தது. பணம் அனுப்பும்போது திரையில் பெறுபவர் பெயர் காட்டும் அல்லவா? அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் சின்னம்மாவின் பெயர்தான். அதைத்தான் புகாரில் கொடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஏலப் பதிவு, உரையாடல், கூரியர் சீட்டு எல்லாவற்றையும் நான் அழிக்காமல் வைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. வாக்குமூலம் எடுத்த அதிகாரி கூரியர் சீட்டின் எண்ணைத்தான் முதலில் குறித்துக்கொண்டார். ஆனாலும் கணக்கு திறக்க ஏழு வாரம் ஆனது. சின்னப்பாவின் ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் வரும். மாதா மாதம் பணம் வந்து கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது. செலவுக்கு நான் கொடுத்தேன். மகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பணத்தைவிட வேறொன்று அவரை அரித்தது. கோயில் மாதர் குழுவுக்குப் பல வருடமாக அவர்தான் பொருளாளர். பெட்டிச் சாவியைக் கொண்டுபோய்த் தலைவியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் விஷயம் தெரியாது. "போலீஸ்ல பேர் இருக்கிறவ அடுத்தவங்க காசை எப்படிம்மா கையில வெச்சுக்கிறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் நிற்காமல் பேசுகிறவள் நான்.

விற்பவருக்கு என்ன பயம், பணம் வந்த பிறகுதானே பொருள் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இணைய ஏலத்தின் கதையே அப்படித்தான் நமக்குப் பழகியிருக்கிறது. 1995-இல் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் 'ஆக்‌ஷன்வெப்' என்று ஒரு தளம் தொடங்கி, உடைந்துபோன லேசர் சுட்டியை ஏலத்துக்கு விட்டார். 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரியும்தானே என்று வாங்கியவரிடம் கேட்டதற்கு, உடைந்தவற்றைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம். அந்தத் தளம்தான் இபே. முகம் தெரியாதவர் முன்பணம் தருகிறார், அவரைக் காக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான விதிகள் வந்தன. நியாயமும்கூட. 2008-இல் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு போடும் வழியையே இபே எடுத்துவிட்டது. விற்பவன் மிரட்டுவான் என்ற பயம் அவர்களுக்கு. மிரட்டுகிற வாங்குபவனை என்ன செய்வது என்று விற்பவர்தான் யோசிக்க வேண்டும்.

நேயர்களின் குரல் பதிவுகளில் பாதி அந்த யோசனைதான். சிரம்பானில் ஒருவர் பழைய கேமராவை ஏலத்தில் விற்றார். வென்றவர் நேரில் வந்து, அவர் கண் முன்னாலேயே பணம் அனுப்பி, ரசீதைக் காட்டி, கேமராவை வாங்கிக்கொண்டு போனார். அது அடுத்த நாளுக்கென்று தேதி போட்ட பரிமாற்றம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ரத்து செய்துவிட்டார். காசோலையும் அதே கதைதான். இயந்திரத்தில் போட்டதும் கணக்கில் தொகை தெரியும், காசோலை தேறும்வரை அது எடுக்கக்கூடிய தொகை அல்ல. இரண்டு எண்களும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாம் பெரிய எண்ணைத்தான் பார்ப்போம்.

சுங்கை பட்டாணியிலிருந்து பேசிய அக்கா பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்களை வெளிநாட்டுக்காரருக்கு விற்றவர். பேபால் வழியாகப் பணம் வந்தது. வாங்கியவர், கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் வந்து எடுத்துக்கொள்வார் என்றார். நண்பர் வந்தார், தேநீர்கூடக் குடித்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்துப் பொருள் கைக்கு வரவில்லை என்று முறையீடு. பேபாலில் முறையிட 180 நாள் அவகாசம் உண்டு. பரிவர்த்தனையில் இருக்கும் முகவரிக்கு அனுப்பியதற்குத் தட எண்ணோடு சான்று கேட்பார்கள். நேரில் கொடுத்ததற்கு அக்காவிடம் என்ன சான்று? எச்சில் கோப்பைதான். அதையும் கழுவி வைத்துவிட்டார்.

கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்க்கக் காவல்துறையின் செமாக் மியூல் தளம் இருக்கிறதே என்று பலர் எழுதியிருந்தார்கள். இருக்கிறது, பாருங்கள், பொருள் விற்பவரும் வாங்குபவரின் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அன்று நானும் பார்த்தேன். எந்தப் புகாரும் இல்லை என்றுதான் வந்தது. புகார் வந்த எண்ணைத்தான் அது காட்டும். பணம் போனது தெரிந்த உடனே அழைக்க வேண்டியது 997, தேசிய மோசடி நடவடிக்கை மையம், 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப் போடாதீர்கள், பணம் அதற்குள் நான்கு கணக்கு தாண்டிவிடும். சந்தேகப் பணம் உங்கள் கணக்குக்கு வந்திருந்தால் நல்ல பிள்ளையாக நீங்களே திருப்பி அனுப்பவும் வேண்டாம். 'தவறாக வந்துவிட்டது, இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று வேறொரு எண்ணைக் கொடுப்பதும் அவர்கள் தந்திரம்தான். முதலில் வங்கியிடம் சொல்லுங்கள்.

கணக்கு திறந்த அன்று சின்னம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணு எங்க தங்கியிருக்காம்?"

அந்த 780 வெள்ளியை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். நான் சண்டை போட்டேன். தட்டுகளும் போய்விட்டன, பணத்தையும் கொடுத்தால் மொத்த நட்டமும் நம் தலையில் என்றேன். தப்பு அவளுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை, பாதி பாதி வைத்துக்கொள்ளலாம் என்று பேரம்கூடப் பேசிப் பார்த்தேன். "ரூமுன்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன்ல?" என்றார். அதோடு சரி. விசாரணை அதிகாரியிடம் கேட்டு, அவர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தோம். பாதியை நான் போட்டேன். அந்தப் பெண் அழுதாள். சின்னம்மா அவளிடம் கேட்டது, சாப்பிட்டாயா என்று மட்டும்தான்.

பொருளாளர் சாவி இன்னும் தலைவியிடம்தான் இருக்கிறது.

மீதித் தட்டுகள்? லாரிக்காரருக்குப் போகும் என்று நினைத்தேன். ஷா ஆலாமுக்குக் குடிபோக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, தானே ஏலம் போடப் போவதாகச் சொல்லிவிட்டார். இப்போது பதிவின் முதல் வரியே அவர் சொல்லி நான் தட்டச்சு செய்தது: ஏலம் எடுப்பவர் பெயரிலிருந்தே பணம் வர வேண்டும், குறிப்பில் தட்டின் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு இல்லை. இதனால் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். விலையும் முன்புபோல் ஏறுவதில்லை. அவர் கவலைப்படவில்லை.

போன சனிக்கிழமை ஒரு தட்டு 90 வெள்ளிக்கு முடிந்தது. எடுத்தவர் நல்லவராகத்தான் தெரிந்தார், பழைய பாட்டுகளைப் பற்றி அழகாகப் பேசினார். தன் கணக்கில் ஏதோ பிரச்சினை, மச்சான் கணக்கிலிருந்து போடட்டுமா என்று கேட்டார். நான் என்ன பதில் எழுதுவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சின்னம்மா கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

"அப்ப மச்சானையே அடுத்த வாரம் ஏலத்துக்கு வரச் சொல்லுப்பா."