குளிர் ரத்தமாம், குளிர் ஊராம்!

"பல்லிதானே, அது பாட்டுக்கு மூலையில கிடக்கும்." நீலகிரியில் லெப்பர்ட் கெக்கோ வளர்க்க ஆசைப்படுகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். சொல்கிறவர் விற்கிறவராகவும் இருந்துவிட்டால் கூடவே இன்னொன்றும் வரும்: "குளிர் ரத்தப் பிராணி சார், ஊட்டி கிளைமேட்டுக்குப் பிரச்சினையே இல்லை." நாய் என்றால் குரைக்கும், வெளியே கூட்டிப் போக வேண்டும், வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தால் ராத்திரி சிறுத்தை தூக்கிப் போய்விடுமோ என்ற பயம் வேறு. (அந்தச் சிறுத்தைக்கும் இந்தப் பல்லிக்கும் புள்ளி ஒன்றுதான் உறவு.) பூனை சோபாவைக் கிழிக்கும். இதுவோ மஞ்சள் உடம்பும் எந்நேரமும் சிரிக்கிற மாதிரி வாயுமாக ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு நாலு பூச்சி போட்டால் போதும், வேலை முடிந்தது.

இது சமவெளியில் பாதிப் பொய். இந்த மலையில் முழுப் பொய். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஒரு லெப்பர்ட் கெக்கோவை ஒழுங்காக வளர்ப்பது நாய் வளர்ப்பதைவிடச் சிரமம். அந்தச் சிரமத்தைப் படாதவர் வீட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டு சாவதால், வாழ்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குளிர் ரத்தப் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்மில் பலர் குளிரை விரும்பும் பிராணி என்றே மனதில் போட்டுவைத்திருக்கிறோம். உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வழியில்லாத பிராணி என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. குளிரை எதிர்க்க அதனிடம் ஒன்றுமே கிடையாது. நாய், தின்ற சோற்றிலிருந்து சூடு உண்டாக்கிக்கொள்கிறது. கெக்கோவுக்கோ, தின்ற பூச்சியைச் செரிக்கவே வெளியிலிருந்து சூடு வேண்டும். சூடு இல்லையென்றால் பூச்சி வயிற்றுக்குள் அப்படியே கிடந்து அழுகும்.

இந்தப் பல்லியின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்து அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளித் 1854-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அவருக்குக் கிடைத்திருந்த மாதிரி பஞ்சாபின் உப்பு மலைத்தொடரைச் சேர்ந்தது. கல்லும் முள்ளும் வறண்ட மண்ணுமான இடம் அது. பகல் முழுக்கக் கல்லிடுக்கில் பதுங்கியிருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை அப்போதும் சுடச்சுட இருக்கும். அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்து, வேண்டிய சூட்டை ஏற்றிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும். இந்தப் பிராணியின் வாழ்க்கையில் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்றால், முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. முட்டை 26 டிகிரிவாக்கில் இருந்தால் பொரிவது பெரும்பாலும் பெண்; 32, 33 டிகிரி என்றால் பெரும்பாலும் ஆண்; 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வளர்ப்பு கெக்கோவின் தொட்டியில் ஒரு மூலை 31, 32 டிகிரி இருக்க வேண்டும். எதிர் மூலை 24, 25. இரண்டுக்கும் நடுவே அது தன் தேவைக்குப் போய் வந்துகொண்டிருக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 29 டிகிரி பதிவானது. வரலாறு காணாத வெயில் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. அந்த நாளில்கூட இந்தப் பல்லியின் சூடான மூலைக்கு ஊட்டி எட்டவில்லை! டிசம்பர், ஜனவரியைச் சொல்லவே வேண்டாம். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் விடியற்காலையில், இரவெல்லாம் விழித்து நடமாட வேண்டிய பிராணி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லாய்க் கிடக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு சாது" என்கிறார்.

"நம்ம ஊர் ஓணான் இந்தக் குளிரைத் தாங்கலையா?" என்று கேட்பார்கள். தாங்குகிறது. எப்படி என்று ஒரு நாள் நின்று பாருங்கள். சாலியா என்று உயிரியலாளர்கள் சொல்லும், இந்த மலைக்கே உரிய ஓணான் ஒன்று உண்டு. முதுகில் முள்வரிசையோடு வேலிச் செடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேகம் விலகி வெயில் விழுந்ததும் கிளையின் நுனிக்கு வரும். உடம்பைத் தட்டையாக்கி வெயில் பக்கம் திருப்பும். சூடு ஏறியதும் நகரும். மேகம் மூடினால் புதருக்குள் போய்விடும். நீலகிரிக்கே உரிய குட்டிப் பல்லி ஒன்றும் இருக்கிறது. பல்லி இனத்தில் பிறந்துவிட்டு, அது பகலில் நடமாடுகிறது. உயரமான குளிர் மலையில் ராத்திரி வேலைக்குப் போனால் கட்டுப்படியாகாது என்பது இவற்றின் உடம்பிலேயே ஊறிய கணக்கு. லெப்பர்ட் கெக்கோ ராத்திரிப் பிராணி. சூடான பாறை இருந்த ஊரில் அந்தப் பழக்கம் சரி. இங்கே பாறையும் இல்லை, புதரும் இல்லை; நாலு பக்கமும் சில்லிட்ட கண்ணாடி. உள்ளூர் ஓணானுக்கு இருக்கும் ஒரே சொத்து, இடம் மாறும் சுதந்திரம். தொட்டிக்குள் வைத்த பிறகு அந்த வேலையை வளர்ப்பவர்தான் செய்தாக வேண்டும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறு வாதம் வைப்பார்கள்: ஆப்கானிஸ்தானில் குளிர் இல்லையா? இருக்கிறது, ஊட்டியைவிடக் கடுமையாகவே. ஆனால் அங்கே குளிர்காலம் வருமுன் கெக்கோ தின்பதை நிறுத்துகிறது, வயிற்றைக் காலி செய்கிறது, ஆழமான பொந்துக்குள் போய் முடங்குகிறது. அது வறண்ட குளிர். அதற்குப் பின்னால் சுட்டெரிக்கும் கோடையும் உண்டு. நம் வீட்டில் வருஷம் முழுக்க அரைக் குளிர். நடுநடுவே பாசத்தோடு ஊட்டிவிடும் புழுக்கள். உறங்கவும் விடுவதில்லை, செரிக்கவும் விடுவதில்லை.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கம் பிடித்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடிக்கும். பீரோவில் வைத்த செருப்பு பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. வறண்ட காற்றுக்குப் பழகிய பல்லிக்கு ஈரமும் குளிரும் சேர்ந்தால் நெஞ்சில் சளி கட்டும். மூக்கோரம் குமிழி வரும். அதே சமயம், தோல் உரிக்க அதற்கு ஒரே ஒரு ஈரமான பொந்து கட்டாயம் வேண்டும்: மூடிபோட்ட சின்ன டப்பா, பக்கத்தில் ஒரு ஓட்டை, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசி. தொட்டி முழுக்க ஈரம் கூடாது, ஒரு மூலையில் மட்டும் ஈரம் இல்லாமலும் கூடாது. குன்னூரில் ஒரு வீட்டில் கெக்கோவின் முன்காலைப் பார்த்தேன். இரண்டு விரல்களில் பழைய தோல் வெள்ளை நூல் சுற்றினாற்போல் இறுகியிருந்தது. மூன்றாவது விரல் இருந்த இடத்தில் கறுத்த முனை மட்டும். உரியாத தோல் வளையமாய் இறுகி, ரத்தம் ஓடாமல் விரல் தானாக விழுந்திருக்கிறது. "பிறவியிலேயே அப்படித்தான் அங்கிள்" என்றான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. வலித்தாலும் அது கத்தாது, அவனுக்கு எப்படித் தெரியும்?

தீனி விஷயத்தில் நம் மலைக்காரர்களுக்கு அசட்டுத் தைரியம் ஒன்று உண்டு: "தேயிலைத் தோட்டத்துல பூச்சிக்கா பஞ்சம்?" பஞ்சம் இல்லைதான். கொசுநாவாய்ப்பூச்சிக்கும் செஞ்சிலந்திக்கும் மருந்து தெளிக்கும் தோட்டத்திலிருந்து பிடித்த வெட்டுக்கிளி, அந்த மருந்தையும் தன்னோடு சுமந்து வரும். மின்மினிப் பூச்சி இன்னும் மோசம். ஒன்றைத் தின்றே செத்துப்போன வளர்ப்புப் பல்லிகள் உண்டு. ஆகவே சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் வாங்கித்தான் போட வேண்டும். அவற்றைக் கீழேயிருந்து வரவழைத்தால் வழியிலேயே பாதி போய்விடும். வந்து சேர்ந்த மீதிக்கும் இந்தக் குளிரில் சூடு காட்ட வேண்டும். ஆக, பல்லிக்கு ஒரு ஹீட்டர், பல்லியின் சாப்பாட்டுக்கு ஒரு ஹீட்டர்! பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும், இல்லையென்றால் எலும்பு ரப்பராகித் தாடை தொங்கும். சோறு, கோழிக்கறித் துண்டு, வாழைப்பழம் எல்லாம் வைத்துப் பார்த்த வீடுகள் உண்டு. அது பூச்சி தின்னி. நம் பிரியத்துக்காக மாறிக்கொள்ளாது.

மின்சாரத்தை நம்பித்தான் இத்தனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவுக்கு வேண்டாம். சாதாரணமான ஒரு ஜூலைக் காற்றில் கற்பூர மரம் ஒன்று கம்பிமேல் விழுந்தாலே போதும், மறுநாள் மதியம்வரை இருட்டுதான். நாய் கட்டிலுக்கடியில் சுருண்டுகொள்ளும். கெக்கோ என்ன செய்யும்? நோய் வந்தால் காட்டலாம் என்றால், இங்கே மாடு, நாய், குதிரை பார்த்துப் பழகிய நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பல்லி பார்க்கிறவரைத் தேடி மலையிறங்க வேண்டும். நாய் கடித்த மனிதருக்கு வைத்தியம் பார்க்க 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. மனிதர் வாங்கி வந்த பல்லிக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

"மாசக்கணக்கில் சாப்பிடாமல்கூட இருக்கும்" என்பதை ஒரு சிறப்பம்சமாகவே சொல்லி விற்கிறார்கள். இருக்கும். அதன் கொழுத்த வால் சேமிப்புக் கணக்கு மாதிரி. கஷ்டகாலத்தில் அதிலிருந்து எடுத்துத்தான் வாழ்கிறது. விரல் தடிமன் இருந்த வால் பென்சிலாகிறது என்றால் அது கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. தாய்மார்கள் குழந்தையின் கன்னத்தைப் பார்ப்பது போல வளர்ப்பவர் வாலைப் பார்க்க வேண்டும். பல்லி சொல்வதைச் சகுனம் என்று காதுகொடுத்துக் கேட்ட வழக்கம் நமக்குச் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. ஏறக்குறைய ஊமையான ஒரு பல்லி வந்து சேர்ந்ததும், குறையேதும் இல்லாததால்தான் பேசாமல் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டோம். நன்றாகக் கவனித்தால் 15, 20 வருஷம் வாழும் பிராணி இது. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கினால், அவன் கல்யாணத்தின்போதும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, காட்டுயிர் வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் அடைபட்டு வரும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது இப்போது அடிக்கடி படிக்கும் செய்தி. எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை விற்கிறவரிடம் கேட்காமல் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

அலுத்துப்போனதும் "சோலையில் விட்டுவிடலாம், சுதந்திரமாகத் திரியட்டும்" என்று புண்ணியம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் அழகென்று கொண்டுவந்துவிட்டு இன்றும் வெட்டி மாளாத மலை இது. கெக்கோ அப்படிப் பெருகாது. முதல் வாரக் குளிரிலேயே செத்துவிடும். சாகுமுன் அதன் குடலில் இருக்கும் கிருமி நம் ஓணான்களுக்கும் போகலாம். வளர்ப்பு கெக்கோக்களிடையே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே ஹீட் மேட்டோடு தெர்மோஸ்டாட்டும் வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். தொட்டியின் இரண்டு பக்கமும் பின்புறமும் தெர்மாகோல் ஒட்டுங்கள், மணலை அள்ளிவிட்டுப் பழைய செய்தித்தாள் விரியுங்கள். மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும். இதெல்லாம் ஆகாது என்றால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ விவரம் தெரிந்து வளர்க்கிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு வேண்டாம். பர்லியார் வரும்வரை காற்று சில்லென்றுதான் அடிக்கும்.