காட்டின் வரலாறு கோட்டையில் இருக்கிறது

பழங்குடிகளுக்குச் சடங்கு உண்டு, பாட்டு உண்டு, மூலிகை அறிவு உண்டு. வரலாறு மட்டும் கிடையாது என்பது படித்தவர்களிடையே ஆழ வேரூன்றிய நம்பிக்கை. அதற்கு நான்கு வாதங்கள் முட்டுக்கொடுக்கின்றன. அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று இல்லை. காட்டில் ஒதுங்கி வாழ்ந்ததால் வெள்ளையராட்சியோடு அவர்கள் மோத நேரவில்லை. அவர்களிடம் இருப்பது வாய்மொழிக் கதை, அது வரலாறு ஆகாது. கொடுமை ஏதும் நடந்திருந்தால் அதுவும் 1947-க்கு முன்பே முடிந்துவிட்டது.

நூலக அடுக்குகளிலும் இந்த நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. நூலகங்கள் பல பின்பற்றும் டூயி பகுப்பு முறையில் வரலாறு 900-களில் வரும்; சமூக அறிவியல் 300-களில், பழக்கவழக்கங்கள் 390-இல். கட்டபொம்மனைப் பற்றிய நூல் 900-களில் நிற்கும்போது, பழங்குடிகளைப் பற்றிய நூல் பெரும்பாலும் 300-களில் போய் நிற்கிறது. போரிட்டவர்களாக இருந்தாலும் இடம் அதுவே.

நான்கு வாதங்களும் பிழை. அவற்றை உடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி சென்னையிலேயே எழுதப்பட்டது. பழங்குடிகளின் நிலத்தைப் பறித்த ஆணைகள் இங்கிருந்துதான் போயின.

முதலில், நம்பிக்கை உருவான விதம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். மூக்கின் அகலமும் தலையின் நீளமும் அளவுகோலால் எடுக்கப்பட்டு அவற்றில் அச்சேறின. குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காக அதே அளவீட்டு முறையைச் சென்னைக் காவல்துறையினருக்கும் அவர் கற்பித்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டு ஓடியதை அவரே எழுதியிருக்கிறார். தங்களில் வாட்டசாட்டமானவர்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். அது நடக்கக்கூடியதாக இருந்தால் எவ்வளவு வசதி என்று அவர் வேடிக்கையாகச் சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பெண்களின் பயம் வாசகர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். உடல் தப்பியது என்பதைத் தவிர, அவர்கள் பயந்தது அப்படியே நடந்தது. அந்தத் தொகுதிகளுக்குள் அவர்கள் அசையாமல் நிற்கிறார்கள்.

அடையாற்றில் இன்னொரு வகை எழுத்து பிறந்தது. பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்தது. மறு ஆண்டு நீலகிரிக்குப் போன, சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், அங்குள்ள குடிகளைப் பற்றி ரஷ்ய இதழ் ஒன்றில் தொடர் எழுதினார். அது பின்னர் நூலாகவும் வந்தது. அதில் தோடர்கள் மர்மமான உயர்குடியினர். முள்ளுக்குறும்பர்கள் பில்லிசூனியம் வைக்கும் குள்ளர்கள். ஒருவர் எலும்பை அளந்தார், மற்றவர் மந்திரத்தைத் தேடினார். இருவர் கையிலும் பழங்குடிகள் ஆண்டும் தேதியும் அற்றவர்கள் ஆனார்கள். பிளாவட்ஸ்கி நீலகிரி ஏறிய காலத்தில், மாகாண அரசின் இருப்பிடமான சென்னைக் கோட்டையில் இயற்றப்பட்ட 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் அமலுக்கு வந்துகொண்டிருந்தது.

எழுத்துச் சான்று இல்லை என்ற வாதத்தைச் சென்னையின் வரலாற்றைக் கொண்டே சோதிக்கலாம். எச்.டி. லவ் 1913-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை வரலாறு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் அடிப்படையாகக் கொண்டது. மயிலாப்பூரில் மரபு நடை போகிறவர்கள் கேட்கும் கதைகளில் பல அந்த ஊற்றிலிருந்து வந்தவை. அதே கோட்டையின் கோப்புகளில்தான் மலைமக்களின் கலகங்களும் உள்ளன. முதல் வகைக் கோப்பு வரலாறு என்றால் இரண்டாம் வகையும் வரலாறே.

அந்தக் கோப்புகளில் இருப்பது சில்லறைச் சச்சரவு அல்ல. வயநாட்டுக் குறிச்சியர்கள், கம்பெனியை எதிர்த்த பழசி ராஜாவின் படையில் நின்றவர்கள். தலைக்கல் சந்துவின் தலைமையில் 1802-இல் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். வரியைத் தானியமாக வாங்காமல் ரொக்கமாகக் கேட்டபோது 1812-இல் மறுபடி எழுந்தார்கள். வயநாடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கோதாவரிப் பகுதியின் ரம்பா மலைகளில், வீட்டுத் தேவைக்குக் கள் இறக்குவதைக்கூடத் தடுத்துக் குத்தகைதாரர் கையில் கொடுத்த கலால் ஏற்பாடும் ஜமீன் வசூலும் சேர்ந்து 1879-இல் பெருங்கலகத்தைக் கிளப்பின. மரம், தரை, வரி, கள் என்று ஒவ்வொன்றிலும் அரசு கைவைத்த இடத்தில் எதிர்ப்பு முளைத்தது. ஒதுங்கி வாழ்ந்தவர்களிடம் வரி கேட்க யாரும் போயிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 22 சென்னை தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1639-இல் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் என்பது காரணம். 1922-இல் அதே ஆகஸ்ட் 22 அன்று அல்லூரி சீதாராம ராஜுவின் தலைமையில் மலைமக்கள் குடேம் மலைப்பகுதியின் சிந்தப்பள்ளி காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை எடுத்துச் சென்றார்கள். ராஜு மலைக்குடியில் பிறந்தவர் அல்லர். அவருடைய தளபதிகளான காம் கண்டம் தொராவும் மல்லு தொராவும் மலைக்குடியினர். காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடும் போடு சாகுபடியைக் காட்டுச் சட்டம் நெரித்ததும், மலைச்சாலை போடக் கூலியில்லா வேலை வாங்கியதும் கலகத்தின் காரணங்கள். ராஜு 1924 மே மாதம் சுட்டுக்கொல்லப்படும்வரை அது நீடித்தது. நீண்ட ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானதும் அதே 1920-களில்தான். அங்குள்ள பனகல் பூங்காவுக்குப் பெயர் தந்தவர் அப்போது முதலமைச்சர்; சட்டம் ஒழுங்கு இரட்டையாட்சி முறைப்படி ஆளுநரிடமே இருந்தது. பூங்காவுக்கும் மலைக்கும் ஒரே கோட்டையிலிருந்துதான் உத்தரவு போனது. டேவிட் ஆர்னால்ட் 1982-இல் வெளியிட்ட கட்டுரை, குடேம், ரம்பா மலைகளில் 1839 முதல் 1924 வரை எழுந்த கலகங்களை ஒரே தொடராக வாசித்துக் காட்டியது.

மோதல் இல்லை என்பதோடு ஒட்டிக்கொண்டு, காடு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது, அரசு எடுத்துப் பாதுகாத்தது என்ற பேச்சும் உண்டு. அதற்கு எதிரான சான்று அரசிடமிருந்தே வருகிறது. சேப்பாக்கத்தில் இயங்கிய வருவாய் வாரியம் 1871-இல் தெளிவாக எழுதியது: மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது; தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றின் மீதான பங்கைத் தவிர, அண்மைக்காலம் வரை அரசு காட்டில் உடைமை உரிமை கோரியதே இல்லை. இப்படிச் சொன்னவர்கள் வரி வசூலித்த அதிகாரிகள். பதினோரு ஆண்டுகளில் காட்டுச் சட்டம் வந்தது. வழிவழியாக அனுபவித்த உரிமை, வனத்துறை பார்த்துத் தரும் சலுகையாகச் சுருங்கியது. விறகு எடுத்தவர் திருடர் ஆனார். சட்டம் வருமுன்பே அவ்வுரிமை கோப்பில் ஏறிவிட்டதால், அரசுக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று இதைத் தள்ள முடியாது.

திருடர் என்ற பட்டம் தனிச் சட்டமாகவே வந்தது. வட இந்தியாவுக்கு 1871-இல் இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. மீனா ராதாகிருஷ்ணா 2001-இல் எழுதிய நூல் குறவர்களை எடுத்துக்கொண்டு இதன் வேரைக் காட்டுகிறது. அவர்கள் கடற்கரை உப்பைக் கழுதை, மாடுகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன வணிகர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் அந்தத் தொழிலைப் பறித்தன. பிழைப்பிழந்து அலைந்தவர்கள் மீது பிறவிக் குற்றவாளி முத்திரை விழுந்தது. பிறப்பு காரணம் என்று அரசு சொன்ன இடத்தில், ரயிலும் உப்பு வரியும் காரணங்களாக வரலாற்றில் எழுந்து நிற்கின்றன.

வாய்மொழி வரலாறு ஆகாது என்பது அடுத்த வாதம். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906-இல் தோடர்களைப் பற்றி வெளியிட்ட நூலின் இறுதியில் வம்சாவளி அட்டவணைகள் நிறைந்திருக்கின்றன. பல தலைமுறைகளின் பெயர்களையும் திருமணங்களையும் தோடர்கள் நினைவிலிருந்தே சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ரிவர்ஸ் ஒப்பிட்டுச் சரிபார்த்தார். மானிடவியலில் வம்சாவளி முறை என்று பின்னாளில் புகழ்பெற்ற உத்தி, இந்த நினைவாற்றலை நம்பி நின்றது. மொழியியலாளர் எமனோ 1930-களில் திரட்டி 1971-இல் வெளியிட்ட தோடர் பாடல்கள், பெயர் தெரிந்த மனிதர்களையும் நடந்த நிகழ்ச்சிகளையும் பாடுகின்றன. கல்வெட்டைப் பொய் சொல்லாத சாட்சியாகக் கொள்ளாமல் ஒப்பிட்டுப் படிப்பதே வரலாற்றாய்வு. பாட்டையும் அவ்வாறே படிக்கலாம்.

எல்லாம் பழங்கதை என்ற கடைசி வாதத்துக்கு வாச்சாத்தி பதில் சொல்கிறது. தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையாளிப் பழங்குடி ஊரில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே இறந்தார்கள். எஞ்சிய 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை கிடைத்தது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. காட்டுக்குள் இருப்பவர் குற்றவாளியாகவே இருப்பார் என்ற 1882-இன் எண்ணம் அந்த ஊருக்குள் சீருடையோடு நுழைந்தது.

வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தபோது, காட்டுவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை அதன் முகவுரையே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலோ, உயர்நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது தடைப்பட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஐ.நா. 2007-இல் நிறைவேற்றிய பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கூடவே, நாட்டின் மக்கள் அனைவரும் பூர்வகுடிகளே என்றும் விளக்கம் சொன்னது. எல்லோரும் பூர்வகுடி என்றால் நிலம் பறிபோனவர் யார் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது.

வரலாறு இருக்க வேண்டிய இடத்தை இரக்கம் நிரப்பாது. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்துச் சென்னைவாசிகள் பலர் கலங்கினார்கள். படத்தில் லாக்கப்பில் இறப்பவர் இருளர். படத்துக்கு அடிப்படையான 1993 வழக்கில் இறந்தவர் குறவர். இரு சமூகங்களின் வரலாறும் வேறுவேறு. இருளர்களைச் சென்னை அறிந்திருப்பதும் பாம்பு வழியாகத்தான். கிண்டியில் பாம்புப் பண்ணை 1972-இல் வந்தது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அச்சங்கம் முறிமருந்துக்கான நஞ்சை எடுக்கிறது. பாம்பு பிடிக்கும் திறமைக்கு 2023-இல் இருளர் இருவர் பத்மஸ்ரீ பெற்றார்கள். விருதுக்குப் பின்னாலுள்ள நில இழப்பைப் பாம்புப் பண்ணையில் பார்க்க முடியாது.

தமிழில் நூல்கள் இல்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. சென்னையில் பள்ளியாசிரியராக இருந்த பிலோ இருதயநாத் மலைமலையாக அலைந்து பல நூல்கள் எழுதினார். பக்தவத்சல பாரதி தமிழகப் பழங்குடிகளைப் பற்றி விரிவான நூல் தந்தார். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004-இல் வந்து, வீரப்பன் தேடுதலின்போது சோளகர்கள் பட்ட வதையைப் பதிவு செய்தது. லட்சுமணனின் ‘ஒடியன்’ கவிதைகள் இருளர் மொழியிலேயே வந்தன. குறை வேறிடத்தில் இருக்கிறது: கோட்டைக் கோப்புகளில் உள்ள மலைக்கலகங்களைத் தமிழில் வரிசைப்படுத்திச் சொல்லும் நூல்களும், பழங்குடிகளே எழுதிய வரலாறுகளும் போதாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. எண்ணிக்கை சிறியது என்பதால் பதிப்பாளர் தயங்கலாம். வரலாற்றாசிரியர் தயங்கக் காரணமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதற்கான கோப்புகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எழுதப்படும் நூல்களுக்கு உரிய இடம் 300-களில் இல்லை, 900-களில்.