ஓடும் முன் நிற்கத் தெரிய வேண்டும்

ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைக்கும் ஆசை உள்ள ஓர் இளைஞரிடம், "முதலில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ஜினை" என்றுதான் பெரும்பாலும் விடை வரும். குதிரைத்திறனைக் கூட்டினால் போதும், மற்றதெல்லாம் தானே அமையும் என்பது பலரின் எண்ணம். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதலில் பராமரிப்பு, அடுத்து பிரேக், பிறகு டயர், அதன்பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். என்ஜினுக்கு வரிசையில் கடைசி இடம்தான். ஏன் என்பதை நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே பார்ப்போம்.

ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் நூர்பர்க்ரிங் என்ற பந்தயத் தடம் இருக்கிறது. 1927-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர் நீளம். பந்தயம் இல்லாத சில நாட்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அங்கே தங்கள் காரை ஓட்டலாம். ஆனால் அந்த நேரங்களில் அது பந்தயத் தடம் அல்ல, சுங்கம் வசூலிக்கும் ஒருவழிச் சாலை. நாட்டின் சாலை விதிகள் அங்கும் செல்லும். பொதுச் சாலையில் ஓட அனுமதி பெற்ற வண்டிகளுக்கே இடம். நேரம் குறித்துப் போட்டி போடவும் கூடாது. காலையில் அந்தச் சுற்றில் ஓடிய கார், மாலையில் கடைத்தெரு வழியாக வீடு திரும்ப வேண்டும். ஒரே கார் இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு மாஸ்டா நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.-5 காரை எடுத்துக்கொள்வோம். இரண்டே பேர் அமரும் வண்டி. 1600 சி.சி. என்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். எடை 1000 கிலோவுக்கும் குறைவு. ஓட்டுநரையும் சேர்த்து 1000 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோமா?

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காரின் இயக்க ஆற்றல் சுமார் 1.4 லட்சம் ஜூல். 180 கிலோமீட்டரில்? வேகம் மூன்று மடங்கு, ஆற்றலோ ஒன்பது மடங்கு, அதாவது 12.5 லட்சம் ஜூல். ஒரு கூர்மையான வளைவுக்கு முன் 180-லிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 11 லட்சம் ஜூல் ஆற்றலை நான்கைந்து வினாடிகளுக்குள் எங்காவது தள்ளியாக வேண்டும். அதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. மூன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! ஒரு வளைவுக்கே இவ்வளவு என்றால், வளைவு மேல் வளைவாக வரும் தடத்தில் பிரேக் எப்படிச் சூடேறும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வெப்பம் பிரேக் ஆயிலையும் எட்டுகிறது. நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சுவது அதன் குணம். டாட் 4 என்ற தரத்தில் உள்ள புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் அதில் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியையோ எளிதில் அமுக்கிவிடலாம். எனவே பெடலை மிதித்தால் கால் தரைவரை இறங்கும், கார் நிற்காது. அந்தக் கணத்தில் 50 குதிரைத்திறன் கூடுதலாக இருந்து என்ன பயன்? மிகக் குறைந்த செலவில் திரவத்தை மாற்றியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பராமரிப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

"அப்படியானால் பந்தய பிரேக் பேடையே போட்டுவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கடும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட பேடுகள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்த நிலையில் அவற்றின் பிடிப்புக் குறைவு. காலையில் வண்டியை எடுத்ததும் தெருமுனையில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடிவந்தால் என்ன ஆகும்? டயரின் கதையும் இதுவே. பள்ளங்கள் குறைந்த பந்தய டயர் உலர்ந்த, சூடான தடத்தில் பசைபோல் ஒட்டும். மழைநீர் தேங்கிய சாலையில் நீரை வெளியேற்ற வழியின்றி வழுக்கும். மிகக் கடினமான ஸ்பிரிங்குகள் வழவழப்பான தடத்தில் காரை நிமிர்த்தி வைக்கும். மேடுபள்ளமான தெருவில் சக்கரத்தைத் தரையிலிருந்து துள்ள வைக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு உராய்வு ஏது? ஆகவே இரண்டு இடங்களிலும் ஓட வேண்டிய வண்டிக்கு, இரண்டிலும் பிழைக்கும் நடுவழியே சரியானது. குளிரிலும் பிடிக்கும், ஓரளவு வெப்பத்தையும் தாங்கும் பேடு, மழையிலும் ஓடும் டயர் ஆகியவையே அதற்கு ஏற்றவை.

இனி என்ஜினுக்கு வருவோம். உயர்ந்த வேகத்தில் என்ஜின் திறனின் பெரும்பகுதி காற்றைக் கிழித்துச் செல்வதிலேயே செலவாகிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். உச்ச வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால் திறனைச் சுமார் 33 சதவீதம் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் இயக்க ஆற்றலும் 21 சதவீதம் ஏறிவிடும். அந்தச் சுமையைத் தாங்க வேண்டியது மறுபடியும் அதே பிரேக்தான்!

ஜெர்மனியில் காரின் முக்கியப் பாகங்களை மாற்றினால், அனுமதிச் சான்று உள்ள பாகமாக இருக்க வேண்டும், அல்லது தகுதிபெற்ற நிபுணர் சோதித்து ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் ஓடும் அனுமதியே போய்விடக்கூடும். இது ஆர்வத்துக்குப் போடும் விலங்கு என்று குறைப்படுவோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. சோதனைக்குப் பணமும் நேரமும் செலவாகத்தான் செய்யும். ஆனாலும் நான் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். பந்தயத் தடத்துக்கு வருபவர் ஆபத்தை அறிந்து வருகிறார். சாலையில் நடந்து செல்பவர் யாருடைய சோதனைக்கும் சம்மதம் தரவில்லையே!

காரை மாற்றியமைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஓர் அருமையான அறிவியல் சோதனை. அப்படியானால் சோதனைக்குரிய ஒழுங்கும் வேண்டும் அல்லவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும் முன்பும் பின்பும் அளக்க வேண்டும். டயர் அழுத்தம், பேடின் கனம், திரவம் மாற்றிய தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். சக்கர நட்டுகளைக் கைக்கணக்கில் விடாமல், முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு பொறுமை இல்லாதவர் என்ஜினைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உங்கள் வீட்டில் காரோ, டிஸ்க் பிரேக் உள்ள இருசக்கர வண்டியோ இருந்தால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அளவை வெளியிலிருந்தே பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகும். தேதி யாருக்கும் நினைவில்லை என்றால் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.