ஒட்டாதே என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ராமநாதபுரம் பக்கம் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பினால் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். முதலாவது, பெட்டி கட்டுவது. முண்டு மிளகாய் போட்டு அரைத்த குழம்புத்தூள், பருப்புப்பொடி, மொறுமொறுவென்று காய்ந்த நெத்திலி, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் இரட்டைப் பைக்குள் போய், டேப் சுற்றி, எடை பார்த்து அடுக்கப்படும். இரண்டாவது, புத்தி சொல்வது. “போற எடத்துல நம்ம புள்ளைகளோட மட்டும் இரு. எவன்ட்டயும் ஒட்டாத. படிச்சமா, வந்தமான்னு இருக்கணும்” என்று அப்பா, அத்தை, மாமா என ஆளாளுக்கு ஓதுவார்கள். பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கப் போகும் மகளுக்கும் இதே பாடம்தான், ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகும் மகனுக்கும் இதே பாடம்தான்.

அயலார் பழக்கத்துக்கு மனதைத் திறந்தால் நம் பழக்கம் கரைந்துபோகும், மூடி வைத்தால்தான் பத்திரம் என்ற நம்பிக்கை இந்தப் புத்திமதிக்குள் இருக்கிறது. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் பிறந்தது அது. ஆனாலும் தவறானது. வேறெந்த ஊரார் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். கடல் கடந்தே வளர்ந்த சேதுக் கரையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது சொந்த வரலாற்றையே மறுப்பதாகும்.

கீழக்கரைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்கள் கோயில் மண்டபத் தூண்களின் பாணியில் செதுக்கப்பட்டவை. அரபு நாடுகளோடும் இலங்கையோடும் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் வணிகம் செய்த மரைக்காயர்களின் ஊர் அது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இந்தக் கடற்கரைகளில்தான் தழைத்தது. தமிழுக்கே உரிய ஒலிகளைக் காட்ட அரபு எழுத்துகளோடு புதுக் குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்கள் இயற்றினார். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களோடு வணிகம் பேசிய சீதக்காதியைத் தமிழ்ப் புலவர்கள் வள்ளல் என்று கொண்டாடினார்கள். அயல்நாட்டோடு இவ்வளவு பழகியும் இவர்களிடம் தமிழும் தேயவில்லை, மார்க்கமும் தேயவில்லை.

பாம்பனுக்கு அருகே குந்துகாலில் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரையிறங்கினார். 1893 மே மாதத்தில் பம்பாயிலிருந்து புறப்பட்டவர், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவரைச் சிகாகோவுக்குப் போகும்படி ஊக்கியவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியே முன்னின்று வரவேற்றார். கடல் தாண்டினால் சாதி கெடும், ஆசாரம் போய்விடும் என்று, அப்படிப் போனவர்களை வைதிகர்கள் தள்ளிவைத்துக்கொண்டிருந்த காலம் அது. கடல் தாண்டி, அந்நியர் வீட்டில் தங்கி, அவர்களோடு உண்டு வந்த துறவியின் காலடியில் சேதுபதி பணிந்தார். சில நாட்கள் கழித்து மானாமதுரையில் பேசியபோது, நம் சமயம் சமையற்கட்டுக்குள் முடங்கிக் கிடப்பதாக விவேகானந்தர் கடுமையாகச் சாடினார். அதே ஆண்டு மே 1 அன்று ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது, அமைப்பு இல்லாமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது என்பதைப் பல நாடுகளில் பயணம் செய்து கற்றதாகவே சொன்னார். அமெரிக்காவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பாடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

காந்தியின் கதை இதைவிடத் தெளிவானது. 1888இல் 18 வயது இளைஞராக லண்டனுக்குச் சட்டம் படிக்கக் கிளம்பியபோது, பம்பாயில் கூடிய அவருடைய சாதியார் அவரைச் சாதியை விட்டே விலக்கினார்கள். புலால், மது, மாது மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர் அவர். லண்டனில் அந்தச் சத்தியத்தை எப்படிக் காப்பாற்றினார்? அறைக்குள் அடைந்து கிடந்து காப்பாற்றவில்லை. தெருத்தெருவாக அலைந்து சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் சைவ உணவுக்காக எழுதிய நூலை அங்கே வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டுமே சைவராக இருந்தவர், அந்த நூலைப் படித்தபின் தன் விருப்பத்தாலேயே சைவரானார். லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் சேர்ந்தார். பகவத் கீதையை அவர் முதன்முதலாகப் படித்ததும் லண்டனில்தான். தியாசபி இயக்கத்தைச் சேர்ந்த இரு வெள்ளைக்கார நண்பர்கள் எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்ந்து படிக்கக் கூப்பிட்டார்கள். தன் சமய நூலையே தான் படித்ததில்லையே என்ற வெட்கத்தோடு அவர்களோடு உட்கார்ந்தார். “எவனோடும் ஒட்டாதே” என்ற அறிவுரையைக் கேட்டிருந்தால் அந்த வயதில் கீதை அவர் கைக்கு வந்திருக்குமா?

ராமேசுவரத்துப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று நடந்தது. 1963இல் அப்துல் கலாம் நாசாவில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போனார். வர்ஜீனியாவில் உள்ள வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஒரு போர்க்களக் காட்சி ஓவியமாக மாட்டப்பட்டிருந்தது. பின்னணியில் ராக்கெட்டுகள் பறந்துகொண்டிருந்தன. அருகே போய்ப் பார்த்தால், ஆங்கிலேயரை எதிர்த்துத் திப்பு சுல்தானின் படை ராக்கெட் ஏவும் காட்சி. தன் நாட்டில் மறந்துபோன ஒரு பெருமையை அமெரிக்கர்கள் சுவரில் மாட்டி வைத்திருந்ததைக் கண்டு மகிழ்ந்ததாகத் தன்வரலாற்றில் கலாம் எழுதியிருக்கிறார்.

நம்மவர்களின் இரட்டை அளவுகோலையும் இங்கே கேட்டாக வேண்டும். கலாம் படித்த ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, பிரஷ்யாவில் பிறந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற ஒரு பாதிரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்கும் ஜி.யு.போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் சிலை வைத்தோம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றுக் காப்பியம் பாடினால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. நம் வீட்டுப் பிள்ளை ரஷ்ய மொழியில் நாலு வார்த்தை பேசி, அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் போட்டோ அனுப்பினால் மட்டும் “பய மாறிட்டான்” என்று வீடே கலங்குகிறது. அயலார் நம்மிடம் மனம் திறந்து வந்தது புண்ணியம், நம் பிள்ளை அயலாரிடம் மனம் திறந்து போவது பாவம் என்றால் அதில் என்ன நியாயம் இருக்கிறது?

திறந்த மனது என்றால் கண்டதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்வது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ராமநாதபுரத்து மண்ணிலேயே பதில் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் இன்று மாவட்டத்தின் அடையாளம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் நம் குழம்பில் மிளகுதான் காரம். அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தை விறகுக்காகப் பரவவிட்டு, இன்று கண்மாயிலும் வயலிலும் அதை வேரோடு பிடுங்கப் படாதபாடு படுகிறோம். வந்தது எல்லாம் நல்லதும் இல்லை, வந்தது எல்லாம் கெட்டதும் இல்லை. எது மிளகாய், எது சீமைக்கருவேலம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு வேண்டும். கண்ணைக் கட்டி அனுப்பினால் அந்தப் பக்குவம் எங்கிருந்து வரும்?

மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது பண்பாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, படிப்பின் பிரச்சினையும்கூட. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நடக்க வேண்டும். ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அதன்பின் 12 மாதப் பயிற்சியையும் படித்த நிறுவனத்திலேயே முடிக்க வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும்; வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தாவோ நகரத்து மூதாட்டி வயிற்றுவலியைச் செபுவானோ மொழியில்தான் சொல்வார். திபிலிசியில் ஒரு தாய் தன் குழந்தையின் காய்ச்சலை ஜார்ஜிய மொழியில்தான் விவரிப்பார். எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, முன்பு இப்படி வந்ததுண்டா என்று நோயாளியிடம் நேரில் கேட்டுப் பழகுவதுதான் மருத்துவத்தின் அரிச்சுவடி. ஐந்து ஆண்டுகளும் தமிழ் மெஸ், தமிழ் அறை, தமிழ் வாட்ஸ்அப் குழு என்று கழித்த மாணவர் அந்தக் கட்டிலருகே ஊமையாகத்தான் நிற்பார்.

“நம்ம ஆளுங்களோட இருந்தா பாதுகாப்பு” என்பதும் பாதி உண்மைதான். புது ஊரில் முதல் வாரம் ரசம் வைத்துக் கொடுக்கும் தமிழ் அண்ணனின் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போகப்பட்டுத் தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் சிக்கவைக்கப்பட்டபோது, அந்த வலையை விரித்தவர்களில் இந்தியாவிலும் துபாயிலும் இருந்த தரகர்களும் உண்டு. நம் மொழி பேசுகிறவர் என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். வீட்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த வேலை சட்டப்படி செய்யலாம், ஆபத்தில் எங்கே ஓட வேண்டும் என்பதையெல்லாம் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்களில் இரண்டு பேரையாவது நண்பர்களாக்கிக்கொள்ளாத பிள்ளைதான் அதிகம் ஆபத்தில் இருக்கிறது.

இந்தப் பழக்கம் விமானம் ஏறியபிறகு திடீரென்று வந்துவிடாது. ராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் கலாமுக்கு அறிவியல் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் மாணவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான சமையலறையில் முஸ்லிம் பையனுக்குச் சோறு போட அவர் மனைவி மறுத்துவிட்டார். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை, தன் கையாலேயே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து உண்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்த முறை அந்த அம்மாள் கலாமைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தானே பரிமாறினார். அந்த வீட்டில் யாரும் தங்கள் சமயத்தைக் கைவிடவில்லை. பையனும் தன் தொழுகையை விடவில்லை. பின்னாளில் வாலப்ஸ் தீவில் அந்த ஓவியத்தின் முன் நின்றவர், அந்த அடுப்பங்கரையில் சாப்பிட்ட பையன்தான்.

ஆகவே வேலையைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். பாம்பன் மீனவர் வீட்டுப் பிள்ளை, கீழக்கரை மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளை மூவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளரட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. அந்தப் பணத்தோடு, போகும் நாட்டின் மொழியிலும் நடைமுறைகளிலும் சில மாதப் பயிற்சியும் சேர்ந்தால் உதவி முழுமை பெறும். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி மாணவர்களை அனுப்பும் ஏஜென்சிகளிடம், விசாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பதுபோலவே மொழிக்கு என்ன செய்வீர்கள் என்றும் பெற்றோர் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் “சாப்பிட்டியா” என்று விசாரித்த கையோடு, “இந்த வாரம் யார் வீட்டுக்குப் போன, அங்க என்ன பேசுனீக?” என்றும் அம்மா கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லையென்றால், வீட்டார் கவலைப்பட வேண்டியது அப்போதுதான்.