தேவை வளர்த்த வெளி

நெதர்லாந்தின் வடகிழக்கில் உள்ள டிரெந்தே மாகாணத்தின் மண்பாதைகளுக்குப் புதிய மரியாதை வந்திருக்கிறது. பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியும் நாலு சென்டிமீட்டர் அகல டயரும் கொண்ட கிராவல் சைக்கிள்களில், தார் போடாத தடங்களைத் தேடி ஆட்கள் போகிறார்கள். டுவிங்கெல்டர்ஃபெல்ட் தேசியப் பூங்காவில் ஹெதர் என்னும் குட்டைப் புதர் கண்ணெட்டிய தூரம் படர்ந்து கிடக்கிறது. ஆகஸ்ட் பிற்பகுதியில் அது பூக்கும்போது நிலம் முழுக்கக் கத்திரிப்பூ நிறம். அதைத் தாண்டினால் பைன் காடு. நடுநடுவே வட்டமான கருநீர்க் குளங்கள். பார்த்துவிட்டு வருகிறவர்கள் மனிதக் கை படாத இயற்கை என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு உண்மையானது. அந்தக் கணிப்பு தவறு. தவறான கணிப்போடு அந்த நிலத்தை நேசித்தால் அதைக் காப்பாற்ற முடியாது.

மனிதன் செய்யாதவை அங்கே உண்டுதான். சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் பெரும்பாறைகளைச் சுமந்து வந்து இறக்கிவிட்டது. அடுத்த பனியுகத்தில் உறைந்த நிலத்தின் அடியில் பனிக்கட்டி திரண்டு மண்ணை மேடாகத் தூக்கியது. பிறகு அது உருகியதும் மேடு இருந்த இடம் குழியாகி நீர் தேங்கியது. வட்டக் குளங்களில் பல இப்படிப் பிறந்தவை. பனி விட்டுப்போன பாறைகளை அடுக்கி, 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே வாழ்ந்த உழவர்கள் கல்லறைகள் கட்டினார்கள். நாட்டில் எஞ்சியிருக்கும் 54 பெருங்கல் கல்லறைகளில் 52 டிரெந்தேயில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் கடலோரக் கரைகளைத் தாங்கிய மரங்களைக் கப்பல்புழு துளைத்தபோது, மரத்துக்குப் பதிலாகக் கல் தேவைப்பட்டது. கல்லறைகளின் பாறைகளுக்கும் விலை வந்தது. 1734இல் டிரெந்தேயின் ஆட்சியாளர்கள் அந்தப் பாறைகளை எடுக்கக்கூடாது என்று ஆணையிட்டார்கள். தொல்சின்னங்களைக் காக்க ஐரோப்பாவில் பிறந்த மிகப் பழைய ஆணைகளில் அதுவும் ஒன்று.

ஹெதர் வெளியின் கதை வேறு. அது உழவர்களின் வறுமையிலும் உழைப்பிலும் உருவானது. டிரெந்தேயின் மண் மணற்பாங்கானது. எரு போடாமல் விளையாது. பகலில் ஆடுகள் வெளியில் மேய்ந்தன. இரவில் தொழுவத்தில் அடைந்தன. தொழுவத்தின் தரை பள்ளமாக இருக்கும். ஹெதரை வேரும் மேல்மண்ணுமாகப் பத்தை பத்தையாக வெட்டி வந்து அந்தப் பள்ளத்தில் பரப்புவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அதில் ஊறும். அதன்மேல் இன்னோர் அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. குளிர்காலம் கழிவதற்குள் ஆடுகள் நிற்கும் தரை மேலேறி வந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் வெட்டி வண்டியேற்றி வயலில் கொட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் வயல்களே சுற்றுப்புறத்தைவிட மேடாகிவிட்டன. ஒரு வயலுக்கு எருவூட்ட அதைப் போலப் பல மடங்கு வெளி வேண்டியிருந்தது.

ஆட்டின் பல்லும் உழவனின் மண்வெட்டியும் மரங்களைத் தலையெடுக்க விடவில்லை. மண்ணின் சத்து ஓயாமல் வயலுக்குப் போய்க்கொண்டிருந்ததால், சத்தற்ற மண்ணில் மட்டும் மற்றச் செடிகளை வெல்லக்கூடிய ஹெதர் நிலைத்தது. வெட்டும் மேய்ச்சலும் அளவு மீறிய இடங்களில் மணல் கிளம்பிப் பறந்தது. டிரெந்தேயின் மேற்கெல்லையை ஒட்டி இன்று எல்லோரும் ரசிக்கும் ஆகிங்கர்சாண்ட் மணல்மேடு, ஒரு காலத்தில் உழவர்கள் அஞ்சிய கேடு. பாலோவர்ஃபெல்ட் வெளியில் சற்று நின்று தரையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும்: ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடும் நீண்ட பள்ளங்கள். ஒரு தடம் ஆழமாகிச் சேறானதும் வண்டிக்காரர்கள் அதை விட்டுப் பக்கத்தில் புதுத் தடம் போட்டார்கள். அதுவும் ஆழமானதும் மறுபடி விலகினார்கள். அந்தச் சக்கரத் தடங்களின்மேல்தான் இன்று ஹெதர் பூக்கிறது.

உள்ளூர் உழவனுக்கு உயிரான இந்த வெளி, வெளியூர்க்காரர்களின் கண்ணுக்குத் தரிசாகவே பட்டது. நகரங்கள் தம் பார்வையில் படக்கூடாது என்று நினைத்தவற்றை இங்கே அனுப்பின. நெப்போலியன் போர்களுக்குப் பிந்தைய வறுமையில், 1818இல் யோஹன்னஸ் வான் டென் போஷ் என்ற படைத்தலைவர் ஃப்ரெடரிக்சோர்டில் ஏழைகளுக்கான குடியிருப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஃபேன்ஹவுசனில் பிச்சைக்காரர்களையும் அநாதைக் குழந்தைகளையும் அடைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் எழுந்தன. தரிசைத் திருத்துவதும் மனிதரைத் திருத்துவதும் ஒரே வேலை என்று அந்தத் திட்டம் நம்பியது. அதே வான் டென் போஷ்தான் 1830இல் ஜாவா உழவர்கள்மீது கட்டாயப் பயிர் முறையைச் சுமத்தினார். 2021இல் இந்தக் குடியிருப்புகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் அந்த மரச்சாலைகள் சைக்கிளுக்கு இனியவை. அந்த நிலத்தைத் திருத்தியவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கு முகாம் கட்ட அரசு முதலில் நினைத்த இடம் வெலுவெ பகுதி. அது தன் அரண்மனைக்குப் பக்கம் என்று அரசி வில்ஹெல்மினா மறுத்ததால் முகாம் டிரெந்தேயின் வெஸ்டர்போர்க் வெளிக்கு வந்தது. நாஜிகள் அதைக் கைப்பற்றிய பின் 1942 முதல் 1944 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து ரயிலில் ஏற்றிக் கொலைமுகாம்களுக்கும் வதைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர். ஒதுக்குப்புறம் என்று ஒரு நிலத்தை ஒதுக்கிவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். முகாம் இருந்த இடத்தின் அருகே காட்டுப்பாதையில் போகிறவர்கள் சைக்கிளை விட்டிறங்கி அதை நடந்து பார்க்க வேண்டும்.

இதற்கிடையே அந்த ஹெதர் வெளி அழிந்துகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கை உரம் வந்தது. ஆட்டெருவின் மதிப்பு போனது. கடல்கடந்து வந்த மலிவான கம்பளி ஆட்டின் மதிப்பையும் குறைத்தது. கூட்டுரிமையில் இருந்த மேய்ச்சல் நிலங்கள் பங்குபோட்டுப் பிரிக்கப்பட்டன. 1888இல் தரிசை விளைநிலமாக்கவென்றே ஹெதர் சங்கம் ஒன்று தோன்றியது. 1899இல் அரசு வனத்துறை வந்தது. லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுக்கால் வேண்டும் என்று பைன் நட்டார்கள். 1930களில் வேலையிழந்தவர்கள் கூலிக்கு மண்வெட்டி பிடித்து நிலம் திருத்தினார்கள். இன்று நிழல் தரும் காடுகளில் பல, வரிசை பிடித்து நட்ட அந்தத் தோட்டங்களே. ஒரே வயது, ஒரே இனம். 1972 நவம்பர் 13 அன்று அடித்த புயலில் அவை கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. லட்சக்கணக்கான ஹெக்டேரில் இருந்த நாட்டின் ஹெதர் வெளியில் இன்று மிஞ்சியது சுமார் 40,000 ஹெக்டேர். மிஞ்சியதற்குக் காரணம், விலை கொடுத்து வாங்கியாவது காப்போம் என்று சிலர் முடிவெடுத்தது. ஆம்ஸ்டர்டாம் நகரம் நார்டர்மேர் ஏரியைக் குப்பைக்கிடங்காக்க முனைந்தபோது 1905இல் எழுந்த இயற்கைச் சின்னங்கள் சங்கம், பின்னர் டுவிங்கெல்டர்ஃபெல்டிலும் நிலம் வாங்கியது.

இப்போது ஆபத்து வானத்திலிருந்து இறங்குகிறது. ஐரோப்பாவிலேயே மிக நெருக்கமாகக் கால்நடை வளர்க்கும் நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. மாட்டுத் தொழுவங்களிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும், வாகனங்களும் ஆலைகளும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மழையோடும் காற்றோடும் வெளியில் படிகின்றன. படிவது தழைச்சத்து. அது கிடைத்ததும் புல் எழுந்து ஹெதரை மூடிவிடுகிறது. ஒரு கூடை எருவுக்காக முதுகொடிந்த உழவனின் நிலம், இன்று கேட்காமல் வந்து விழும் எருவால் செத்துக்கொண்டிருக்கிறது. 2019 மே மாதம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், அரசின் நைட்ரஜன் திட்டம் இயற்கையைக் காக்கவில்லை என்று அதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு, அரசு இயங்கும் ஹேக் நகருக்குத் திரண்டார்கள்.

அந்த விவசாயிகளை இயற்கையின் எதிரிகள் என்று முத்திரை குத்துவது வரலாறு தெரியாத பேச்சு. வெளியைப் படைத்தவர்கள் அவர்களின் முன்னோர். இன்னும் கூடுதலாக, இன்னும் மலிவாக விளைவியுங்கள் என்று போருக்குப் பின் அவர்களைத் தூண்டியது அரசும் சந்தையும்தான். மாடுகளைக் குறைக்கச் சொல்கிறவர்கள் அதன் நஷ்டத்தையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

சைக்கிள்காரர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. உழவனுக்கு எரு, சுரங்கத்துக்கு மரம், நகரத்துக்கு மறைவிடம் என ஒவ்வொரு காலமும் தன் தேவைக்காக அந்த நிலத்தைத் தொட்டது. வெளியை வெளியாக வைத்திருந்தது அழகுணர்ச்சி அல்ல, பசி. இன்று அந்தப் பசி இல்லை. ஆயினும் வேலை அப்படியே இருக்கிறது: ஆட்டு மந்தை மேய வேண்டும், புல்லைச் சீவ வேண்டும், முளைக்கும் மரக்கன்றைப் பிடுங்க வேண்டும். டுவிங்கெல்டர்ஃபெல்டின் நடுவே வயலாக்கப்பட்டிருந்த சுமார் 200 ஹெக்டேரை மீட்க, உரமேறிய மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அன்றைய உழவன் பத்தை வெட்டிய அதே வேலையை இன்று இயந்திரம் செய்கிறது, கூலி பொதுப்பணம்.

அந்தப் பணத்தை யார் கேட்பார்கள்? அந்த வெளி தங்களுக்கு வேண்டும் என்பவர்கள்தான் கேட்க வேண்டும். மண்பாதையைத் தேடிப் போகிறவர்களின் எண்ணிக்கை பெருகுவதை நான் மனதார வரவேற்கிறேன். யாருக்கும் வேண்டாத நிலத்துக்கு என்ன நேரும் என்பதை டிரெந்தே பார்த்துவிட்டது. ஆனால் வெறும் விருப்பம் போதாது. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தடத்தை விட்டு விலகாதிருப்பது முதல் படி. இடையனின் சம்பளத்துக்கும், மாட்டைக் குறைக்கும் விவசாயியின் இழப்பீட்டுக்கும் வரி கொடுக்கச் சம்மதிப்பதும், அதைச் செய்யும் ஆட்சிக்கு வாக்களிப்பதும் அடுத்த படி. தேவை வளர்த்த வெளியை இனி விருப்பம்தான் காக்க வேண்டும். அதற்கு அந்த விருப்பம் தேவையளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும்.